கை தூக்கியவர்களின் கணக்கு

போன மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்து வந்த என் மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, நான் மூணு வருஷமா கடைசி நாள்ல கை தூக்கறேன். இந்த வருஷமும் தூக்கிட்டேன். அப்போ போன ரெண்டு தடவை தூக்கினது செல்லாதா?"

ஒன்பது வயசு. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "கை கால் கழுவிட்டு வா, தோசை ஊத்தறேன்" என்று சமாளித்துவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. மூன்று வருஷமும் மேடையில் ஓர் எண்ணை அறிவித்தார்கள். இத்தனை பிள்ளைகள் இயேசுவை ஏற்றுக்கொண்டார்கள், அல்லேலூயா என்றார்கள். மூன்று எண்ணிலும் என் பெண் இருக்கிறாள். கணக்கில் மூன்று ஆத்துமா, வீட்டில் ஒன்றுதான்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

புனேயில் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட்டில் தேனிப் பக்கத்து நண்பர் ஒருவர் இருந்தார். என்னைவிட இளையவர், இந்துக் குடும்பம். 2021 கொரோனா இரண்டாம் அலையில் அவர் அப்பா ஊரில் இறந்துபோனார். இவரால் போக முடியவில்லை, செல்போனில்தான் காரியத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டில் நடக்கும் தமிழ்க் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார். முதலில் தமிழ் பேசவும் என் மனைவி போடும் சுக்குக் காபிக்கும்தான் வந்தார். பிறகு யோவான் சுவிசேஷத்தை வாங்கிப் போய் முழுசாகப் படித்துவிட்டு வந்தார். ஒரு நாள் எல்லோர் நடுவிலும் கேட்டார்:

"ஒரே வார்த்தையில சொல்லுங்க. இயேசு எனக்காகவும் செத்தாரா இல்லையா?"

எங்கள் கூட்டத்தில் நிறையப் படித்த சகோதரர் ஒருவர் உண்டு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிரதர், அதை நாங்க உறுதியா சொல்ல முடியாது. அவர் தெரிந்துகொண்டவங்களுக்காக மரிச்சார். நீங்க அதுல ஒருத்தரான்னு தேவனுக்குத்தான் தெரியும்" என்றார்.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் வேறொரு குழுவினர் அவரைப் பெரிய கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கை தூக்கினார், மைக்கில் சொன்ன ஜெபத்தைத் திருப்பிச் சொன்னார், ஓர் அட்டையில் பேரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார். "இன்று முதல் நீங்கள் ரட்சிக்கப்பட்டவர், சந்தேகமே வேண்டாம்" என்றார்களாம். இரண்டு மாதம் தினமும் காலையில் வாட்ஸப்பில் ஒரு வசனம் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. ஒருத்தரும் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

அவர் எங்கள் வீட்டுக்கும் வருவதை நிறுத்திவிட்டார்.

ஒரு பக்கம் கதவில் பூட்டு, இன்னொரு பக்கம் கதவே இல்லாத சத்திரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷனைத் தொலைத்தோம். நான் சண்டை போட வந்திருப்பது இந்த இரண்டோடும்தான்.

இந்த விவகாரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதன் ரட்சிக்கப்படுவதில் கடைசி முடிவு யாருடையது என்பதுதான் கேள்வி. தேவன் முன்குறித்தார், அவர் கிருபை தோற்காது, அவர் இழுத்தால் வந்தே தீருவான் என்பது கால்வின் வழி. தேவன் எல்லோருக்கும் கிருபை கொடுக்கிறார், கிறிஸ்து எல்லோருக்காகவும் மரித்தார், மனிதன் அதை ஏற்கவும் மறுக்கவும் கூடும் என்பது ஆர்மினியஸ் வழி. ஹாலந்தில் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஆர்மினியஸ் 1609-ல் இறந்தார். அடுத்த வருஷம் அவருடைய ஆட்கள் ஐந்து அம்சங்களை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக டோர்ட் நகரில் 1618, 1619-ல் கூடிய சங்கம் எதிர் அறிக்கை வெளியிட்டது. 'கால்வினிசத்தின் ஐந்து அம்சங்கள்' என்று இன்று சொல்லப்படுவது அங்கிருந்து வந்தது. அப்போது கால்வின் இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். நம்மில் பாதிப்பேர் வீட்டில் இது ரத்தத்திலேயே இருக்கிறது. என் அப்பா நாகர்கோவில் பக்கம். லண்டன் மிஷன் சபை, கால்வின் வழி வந்த காங்கிரிகேஷனல் மரபு. அம்மா மன்னார்குடி. வெஸ்லியன் மெதடிஸ்ட், அசல் ஆர்மினியன். 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் ஒன்றாகின. முன்குறித்தலைப் பற்றி ஒத்த கருத்து வரட்டும், அப்புறம் சேரலாம் என்று காத்திருந்தால் என் அப்பா அம்மா கல்யாணமே நடந்திருக்காது :-)

சரி, முதலில் எங்கள் வீட்டுக் கூட்டத்துச் சகோதரருக்கு வருகிறேன். நானும் தெரிந்துகொள்ளுதலை நம்புகிறவன்தான். அதனால் இந்த அடி முதலில் என் முதுகில்தான் விழுகிறது.

அவர் சொன்னது கால்வினிசமே கிடையாது. அவர் தலையில் வைத்துக் கொண்டாடும் அதே டோர்ட் அறிக்கையை எடுத்துப் பார்க்கட்டும். கிறிஸ்துவின் மரணத்தைப் பற்றிய பகுதியில், மனந்திரும்பி விசுவாசிக்கவேண்டும் என்ற கட்டளையோடு சுவிசேஷத்தின் வாக்குத்தத்தம் எந்த வேறுபாடும் இல்லாமல் எல்லா மக்களுக்கும் அறிவிக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. இன்னொரு பகுதியில், சுவிசேஷத்தைக் கேட்கிற எல்லோரையும் தேவன் உண்மையாகவே அழைக்கிறார், ஒப்புக்கு அழைக்கவில்லை என்று இருக்கிறது. அந்தச் சங்கத்தார் யாரும் நம்பாதவனிடம் முன்குறித்தலை முதல் பாடமாக நடத்தச் சொல்லவில்லை.

ஜார்ஜ் விட்ஃபீல்டைப் பாருங்கள். 1739-ல் பிரிஸ்டல் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்குத் திறந்தவெளியில் பிரசங்கித்த கால்வினிஸ்ட். அங்கே தன் வேலையைத் தொடர ஜான் வெஸ்லியைக் கூப்பிட்டவரும் அவர்தான். வந்த வெஸ்லி அதே வருஷம் முன்குறித்தலைக் கிழித்து ஒரு பிரசங்கம் செய்து அச்சிட்டும் விட்டார். முன்குறித்தல் உண்மையானால் பிரசங்கமே வீண்வேலை என்பது அவருடைய முதல் அடி. 1740 டிசம்பர் 24-ல் விட்ஃபீல்ட் பதில் எழுதினார். யார் தெரிந்துகொள்ளப்பட்டவர் என்று நமக்குத் தெரியாது, ஆகவே எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் பிரசங்கிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கவனியுங்கள். 'யாரென்று நமக்குத் தெரியாது' என்ற அதே வாக்கியத்தை விட்ஃபீல்ட் எல்லோரையும் அழைப்பதற்குக் காரணமாக்கினார். நம் சகோதரர் ஒருவனை அழைக்காமல் இருப்பதற்குக் காரணமாக்கினார்.

இன்னும் பக்கத்தில் வருவோம். நம் நாட்டுக்கு 1793-ல் வந்த வில்லியம் கேரி யார்? கால்வின் வழி பாப்டிஸ்ட். அவரை அனுப்பிய சங்கத்தின் தூண் ஆண்ட்ரூ ஃபுல்லர் 1785-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சுவிசேஷம் கேட்கிற ஒவ்வொருவருக்கும் விசுவாசிக்கும் கடமை உண்டு, ஆகவே ஒவ்வொருவரையும் அழைக்கலாம், அழைக்க வேண்டும் என்பதுதான் அதன் வாதம். அவர் எதிர்த்தது ஆர்மினியன்களை மட்டுமில்லை. அந்தக் காலத்தில் நம் சகோதரரைப் போல உட்கார்ந்திருந்த கால்வினிஸ்டுகளைத்தான் முக்கியமாக எதிர்த்தார். அந்தச் சண்டையில் ஃபுல்லர் தோற்றிருந்தால் செராம்பூர் இல்லை.

அதே யோவான் சுவிசேஷத்தை என் நண்பர் படித்துவிட்டுத்தானே வந்தார்? ஆறாம் அதிகாரம் 37-ம் வசனத்தைத் திருப்பிப் பாருங்கள். பிதா கொடுக்கிற எல்லோரும் தம்மிடம் வருவார்கள் என்பது முதல் பாதி. தம்மிடம் வருகிற ஒருவனையும் தள்ளமாட்டேன் என்பது இரண்டாம் பாதி. முதல் பாதி கால்வினிஸ்டுக்குப் பிடிக்கும், இரண்டாம் பாதி ஆர்மினியனுக்குப் பிடிக்கும். சொன்னவர் ஒரே மூச்சில் சொன்னார். முதல் பாதி பிதாவின் வேலை. வாசலில் நிற்கிறவனுக்கு நாம் சொல்ல வேண்டியது இரண்டாம் பாதி. எங்கள் சகோதரர் பிதாவின் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்க எட்டிப் போய், தன் கையில் இருந்த அழைப்பிதழைக் கீழே போட்டுவிட்டார்.

இதுவரை படித்துவிட்டு அடுத்த பக்கத்து நண்பர்கள் கை தட்டியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், உங்களுக்கும் இருக்கிறது.

கை தூக்கச் சொல்வது, ஜெபத்தைத் திருப்பிச் சொல்லவைப்பது, அட்டையை நிரப்பி 'ரட்சிக்கப்பட்டீர்கள்' என்று அறிவிப்பது... இதைத்தான் ஆர்மினியன் வழி என்று இரண்டு தரப்புமே நினைத்துக்கொண்டிருக்கிறது. இல்லவே இல்லை. 1610-ன் ஐந்து அம்சங்களில் மூன்றாவதை எடுத்துப் பாருங்கள். மனிதன் தன் சுயசித்தத்தின் பலத்தால் மெய்யான நன்மை எதையும் நினைக்கவோ செய்யவோ முடியாது, ஆவியானவரால் மறுபடி பிறக்க வேண்டும் என்று ஆர்மினியன்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெஸ்லியும் மனிதன் ஓர் அடி எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே கிருபை அவனுக்கு முன்சென்று எழுப்புகிறது என்றுதான் கற்பித்தார். இசையைக் கூட்டி, விளக்கைக் குறைத்து, 'இன்னும் ஒருவர்... இன்னும் ஒரே ஒருவர்' என்று கேட்டால் கிருபை கிளம்பிவிடும் என்று அவர் சொல்லவில்லை.

பின்னே இது எங்கிருந்து வந்தது? இதற்குப் பெரிய வேகம் கொடுத்தவர் அமெரிக்காவின் சார்ல்ஸ் ஃபின்னி. 1830-களில் கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு பெஞ்சு போட்டு, ஆத்துமாவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அங்கே வந்து உட்காரலாம் என்றார். எழுப்புதல் ஓர் அற்புதமில்லை, சரியான வழிமுறைகளைச் சரியாகக் கையாண்டால் வரும் விளைவுதான் என்று 1835-ல் வெளியான தன் விரிவுரைகளில் வாதிட்டார். வேடிக்கை என்னவென்றால் அவர் பட்டம் பெற்றது கால்வின் வழி பிரஸ்பிட்டேரியன் சபையில்! வழிமுறைதான் விளைவைக் கொண்டுவருகிறது என்று வந்துவிட்டால் அப்புறம் எண்ணிக்கை பார்க்காமல் இருக்க முடியுமா? நம் ஆபீஸ் மேனேஜர் டார்கெட் கேட்கிற மாதிரிதான்.

வெஸ்லி என்ன செய்தார்? 1742-ல் பிரிஸ்டலில் சுமார் பன்னிரண்டு பேர் கொண்ட சின்னச் சின்ன வகுப்புகளாக ஆட்களைப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். வாராவாரம் ஒவ்வொருவரையும் பார்த்து, ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். சேருவதற்கு ஒரே நிபந்தனை, வரப்போகும் கோபத்துக்குத் தப்பவேண்டும் என்ற விருப்பம். 'ரட்சிக்கப்பட்டுவிட்டேன்' என்று கையெழுத்துப் போடத் தேவையில்லை. தேடுகிறவனுக்கும் அங்கே இடம் இருந்தது. அட்டையும் வாட்ஸப் வசனமும் எங்கே, இது எங்கே? என் நண்பர் உண்மையான ஆர்மினியன்கள் கையில் சிக்கியிருந்தால் வாராவாரம் ஒருத்தர் அவர் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பார்.

கணக்கு என்றதும் கேரிதான் ஞாபகம் வருகிறார். 1793-ல் வங்காளத்தில் இறங்கினார். முதல் இந்து, கிருஷ்ண பால் என்ற தச்சர், ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28-ல். அதுவும் கை விலகிப்போய் வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் ஆரம்பித்த பழக்கம். ஏழு வருஷ ரிப்போர்ட்டில் கேரி எந்த எண்ணை எழுதுவார்?

நம்மூர் டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேலும் அப்படித்தான். மிஷன் வேலையை இருக்கிறபடியே எழுதி அனுப்பிய கைப்பிரதி, படிக்கிறவர்களுக்குச் சோர்வு தரும் என்று முதலில் திரும்பி வந்தது. அப்புறம் 1903-ல் எதையும் பூசி மெழுகாமலே புத்தகமாக வந்தது. உண்மையை எழுதினால் காணிக்கை குறையும் என்ற பயம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

இந்த எண்ணிக்கைக்கு இன்றைக்கு வேறொரு விலையும் உண்டு. பல மாநிலங்களில் மதமாற்றச் சட்டங்கள் இருக்கின்றன. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமை என்றால் அதன் கொள்கைகளை எடுத்துச் சொல்லும் உரிமைதான், அடுத்தவரை மதம் மாற்றும் அடிப்படை உரிமை கிடையாது என்றது. அந்தத் தீர்ப்பைப் பற்றி ஆயிரம் விவாதம் செய்யலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அடுத்தவனை மாற்ற உனக்கு உரிமை இல்லை என்றது கோர்ட். மாற்ற உனக்குச் சக்தியே இல்லையப்பா, அது ஆவியானவரின் வேலை என்று கால்வினிஸ்டும் சொல்கிறார், ஆர்மினியனும் சொல்கிறார். 'இந்த மாதம் இத்தனை பேரை மாற்றினோம்' என்று போஸ்டர் அடிக்கிறவர் மட்டும்தான் சட்டத்தையும் விட்டுவிட்டார், வேதத்தையும் விட்டுவிட்டார். அந்தப் போஸ்டரைப் பார்த்துக் கோபப்படுகிறவன் முதலில் வந்து நிற்பது போஸ்டர் அடித்தவர் வீட்டில் இல்லை. ஊரில் ஐந்து குடும்பம் கூடி ஜெபிக்கிற சின்ன வீட்டு வாசலில்தான்.

இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, பெரிய வித்தியாசம்தான். 'கிறிஸ்து உங்களுக்காக மரித்தார்' என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லலாமா என்பதே நிஜமான கேள்வி. 1 கொரிந்தியர் 15:3-ஐ எடுத்துக்கொண்டு ஆர்மினியன் தாராளமாகச் சொல்லலாம் என்பார். அந்த 'நமது' என்ற வார்த்தை விசுவாசிகளுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது என்பார் கால்வினிஸ்ட். விடிய விடிய உட்கார்ந்து பேசலாம், நானும் வருகிறேன். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகளைப் படித்துப் பாருங்கள். பிலிப்பி சிறைக்காரன் நடுங்கிக்கொண்டு கேட்டபோது பவுல் 'நீ தெரிந்துகொள்ளப்பட்டவனா பார்ப்போம்' என்று சொல்லவில்லை. 'கண்ணை மூடிக் கையைத் தூக்கு' என்றும் சொல்லவில்லை. கர்த்தராகிய இயேசுவை விசுவாசிக்கச் சொன்னார். அந்த ராத்திரியே அவன் வீட்டாருக்கு வசனத்தைப் போதித்தார், அவன் வீட்டில் சாப்பிட்டார்.

ஆகவே, என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். தேவன் யார், பாவம் என்ன, சிலுவையில் என்ன நடந்தது, கல்லறை ஏன் காலி என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். லூக்கா 14-ல் இயேசுவே சொன்ன மாதிரி, கட்டுவதற்கு முன் செலவைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் அம்மா என்ன சொல்வார், அண்ணன் என்ன செய்வார் என்பதெல்லாம் அந்தச் செலவில் உண்டு. பிறகு 'வாங்க' என்று கூப்பிடுங்கள். எல்லோரையும், இன்றைக்கே கூப்பிடுங்கள். வந்தவருக்கு நீங்கள் சான்றிதழ் எழுதிக் கொடுக்காதீர்கள். வராதவருக்கும் கதவைச் சாத்தாதீர்கள். அடுத்த ஞாயிறும் சுக்குக் காபி போடுங்கள். கணக்கு எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், இந்த மாதம் எத்தனை பேர் வீட்டுக்குப் போனோம் என்று எழுதுங்கள். அதை மேடையில் படிக்கத் தைரியம் இருக்கிறதா?

மகளுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் பதில் சொன்னேன். "கையை விடும்மா. நீ அவரை நம்பறியா?" என்று கேட்டேன். யோசித்து, "சில நாள் நம்பறேன், சில நாள் பயமா இருக்கு" என்றாள். "ரெண்டு நாளும் அவர்கிட்டயே போ" என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

நண்பர் இப்போது நொய்டாவில் இருக்கிறார். போன மாதம் போன் செய்தேன். "அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் வாயைத் திறக்கலை. தப்பு என்னோடது" என்றேன். "விடுங்கண்ணே, பழைய கதை" என்றார். விடவில்லை. "வர்ற யாரையும் தள்ளமாட்டேன்னு அவர் சொல்லியிருக்கார். அந்த 'யாரையும்'ல நீங்க இல்லைன்னு சொல்ல எவனுக்கும் அதிகாரம் கிடையாது. வாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார்.

அவர் என்ன முடிவெடுத்தார் என்று கேட்காதீர்கள். தீபாவளிக்குப் புனே வழியாகத்தான் ஊருக்குப் போகிறாராம். வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு பக்கத்து நண்பர்களும் என்னைத் திட்டலாம். வசனத்தோடு திட்டினால் சந்தோஷம்.